இராமநாதபுரக் கரையில் நல்ல கருப்பட்டியையும் அதைக் காய்ச்சும் குடும்பங்களையும் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கடையில் வாங்கும் கருப்பட்டிப் பொட்டலத்தில் விற்பவரின் பெயர் இருக்கும், எடை இருக்கும், விலை இருக்கும். எந்த ஊர் மரம், ஏறியவர் யார், காய்ச்சியவர் யார் என்ற மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. கருப்பட்டியின் சுவையையும் தூய்மையையும் முடிவு செய்வதோ இந்த மூன்றுதான். பனஞ்சாறு சொட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியவரின் கையளவும், அடுப்பின் முன் அமர்ந்து பதம் பார்த்தவரின் பொறுமையும் சரியாக இருந்தால் கருப்பட்டி நன்றாக இருக்கும். இவற்றுள் ஒன்று தவறினாலும் எத்தனை அழகிய உறையில் போட்டாலும் அது தேறாது. ஆகவே நல்ல கருப்பட்டியைத் தேடுவது என்பது அதைச் செய்யும் குடும்பத்தைத் தேடுவதே என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தேடலை எப்படித் தொடங்குவது, எங்கே போவது, எதைக் கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் தீவு என்று கிழக்கே நீண்டு, பிறகு மன்னார் வளைகுடாவை ஒட்டித் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி, நரிப்பையூர் என்று தூத்துக்குடி மாவட்ட எல்லை வரை செல்லும் இந்தக் கரையில், மழை பொய்த்த ஆண்டுகளிலும் நின்று பிழைக்கும் மரம் பனை. 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட அந்த மரம் இங்கே வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் கடல் மணலிலும் நிற்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் அந்தப் பெயர் ஊர் உலகம் அறிந்ததாகிவிட்டது; அதற்கு வடக்கே, இதே கடற்கரையில் காய்ச்சப்படும் சாயல்குடி வட்டாரக் கருப்பட்டியின் பெயரை அறிந்தவர்கள் குறைவு. தேடுபவருக்கு அது ஒரு வகையில் வசதியே, ஏனெனில் இங்கே இன்னும் மரத்தடிக்கே போய் வாங்க முடிகிறது.

முதல் படி: பருவத்தைத் தெரிந்துகொள்ளுதல்

பனை ஆண்டு முழுவதும் பதநீர் தருவதில்லை. இந்தக் கரையில் தை கடைசியிலோ மாசியிலோ பாளை வெளிவரத் தொடங்கியதும் மரங்களைப் பண்படுத்தத் தொடங்குவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களும் உச்சப் பருவம். ஆனியில் குறைந்து ஆடியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆண்பனை முந்தியும் பெண்பனை பிந்தியும் சுரப்பதால், இரண்டும் கலந்து நிற்கும் தோப்பில் பருவம் நீளும். ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் பனையேறிகள் சொல்வார்கள்.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருவர் "நேற்றுக் காய்ச்சிய கருப்பட்டி" என்று விற்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேயாக வேண்டும். பழைய இருப்பை விற்பதில் தவறில்லை; நன்றாகக் காய்ச்சிய கருப்பட்டி மாதக் கணக்கில் கெடாது. பழையதைப் புதியது என்பதும், பழைய கருப்பட்டியை உருக்கிச் சீனிப்பாகு சேர்த்து மறுபடி ஊற்றியதைப் புதியது என்பதும்தான் கவனிக்கப்பட வேண்டியவை. முதல் முறை போக விரும்புபவர்கள் பங்குனி நடுவிலிருந்து வைகாசி முடிவுக்குள் போவது நல்லது. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் வருபவர்களுக்கு இந்தக் காலம் இயல்பாகவே பொருந்திவிடும்.

இரண்டாம் படி: பாளையிலிருந்து சிரட்டை வரை என்ன நடக்கிறது என்பதை அறிதல்

இதை அறியாமல் போனால் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் தோன்றாது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பனையேறி முதலில் பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நாரால் கட்டி, நுனியைச் சீவிவிடுவார். சில நாள் இப்படித் தொடர்ந்து செய்த பிறகே சாறு சொட்டத் தொடங்கும். அதன் பின் நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு வர வேண்டும். ஒரு வேளை சீவாமல் விட்டாலும் காயம் காய்ந்து சுரப்பு குறையும். பருவம் முடியும் வரை பனையேறிக்கு விடுமுறை என்பது கிடையாது, வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் மரம் காத்திருக்காது. காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி என்று அவர் ஏறுவதைப் பார்த்தவர்கள் கருப்பட்டியின் விலையைப் பற்றிப் பேரம் பேசத் தயங்குவார்கள்.

சொட்டும் சாறு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு சர்க்கரை கொண்டது. திறந்தவெளியில், வெயிலில், இந்த இனிப்புச் சாற்றில் ஈஸ்ட்டும் பிற நுண்ணுயிர்களும் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டிருப்பதால், சட்டப்படியும் தொழில்படியும் சாறு புளிக்காமல் காப்பதே பனையேறியின் முதற்கடமை. அதற்காகத்தான் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி நுண்ணுயிர்களை அடக்குகிறது. சாற்றிலுள்ள சர்க்கரை சிதையாமலும் காக்கிறது. பிரான்சிலும் ஜார்ஜியாவிலும் வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் இயற்கை ஒயின் செய்யும் சிறு தோட்டக்காரர்கள், திராட்சைத் தோலில் தானாகவே குடியிருக்கும் ஈஸ்ட் வேலை செய்யட்டும் என்று காத்திருக்கிறார்கள். நம் பனையேறியோ அதே இன நுண்ணுயிரை நாளுக்கு இரு வேளை சுண்ணாம்பால் தடுத்து நிறுத்துகிறார். இரு தொழில்களிலும் சாறு கெடுவதும் தேறுவதும் கலத்தைக் கழுவுகிற கையின் சுத்தத்தில் இருக்கிறது.

சுண்ணாம்பின் அளவில்தான் கைத்திறன் தெரியும். குறைந்தால் சாறு புளிக்கும். புளித்த சாற்றைக் காய்ச்சினால் பாகு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். கூடினால் கருப்பட்டி நாக்கை அரிக்கும், நிறமும் கருத்துவிடும். கடற்கரை ஊர்களில் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் கல் சுண்ணாம்பைவிடச் சிப்பிச் சுண்ணாம்பையே பலரும் விரும்புகிறார்கள்.

இறக்கிய பதநீரைத் தெளியவைத்து வடிகட்டி, அடுப்பில் ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சுவார்கள். விறகுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. காய்ந்த பனைமட்டையும் எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலும் எரிகின்றன. பதநீர் கொதித்து நுரை பொங்கும்போது தட்டிய ஆமணக்கு விதையைச் சிறிதளவு போட்டால் பொங்குதல் அடங்கும். வற்றி வற்றிப் பாகாகித் தேன் பதத்தைக் கடந்து, ஏறக்குறைய 118, 120 பாகை செல்சியசைத் தொடும்போது இறக்கும் பதம் வரும். யாரும் வெப்பமானி வைத்துப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினாலே தெரிந்துவிடும். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலையைப் பற்றிப் பேசும் இடத்தில் அது உதவும்.

மூன்றாம் படி: தேட வேண்டிய இடங்களும் கேட்க வேண்டிய ஆட்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்கும் அங்கிருந்து தூத்துக்குடிக்கும் போகும் பகுதி தேடலுக்கு மிகவும் ஏற்றது. சாயல்குடி, கன்னிராஜபுரம், நரிப்பையூர், மூக்கையூர் சுற்றுவட்டாரத்தில் பனைத்தொழில் செறிந்திருக்கிறது. இராமேசுவரம் போகும் பயணிகளுக்குத் தங்கச்சிமடம், பாம்பன் பக்கமும் பனை உண்டு. ஆனால் கோவில் தெருக்களில் குவித்து வைத்திருக்கும் கருப்பட்டியைப் பார்த்தவுடன் அது தீவிலேயே காய்ச்சியது என்று எண்ணிவிடக் கூடாது.

சாலையோரத்தில் பதநீர் விற்பவர்தான் நல்ல தொடக்கம். அவரிடம் முதலில் பதநீர் வாங்கிக் குடியுங்கள். பிறகு, "அண்ணே, இது உங்க மரத்துப் பதனியா, வாங்கி விக்கிறீகளா?" என்று நேராகவே கேட்கலாம், மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தாமே ஏறுபவர் என்றால் மரம் நிற்கும் இடத்தைக் கையை நீட்டிக் காட்டிவிடுவார். வாங்கி விற்பவர் என்றால் யாரிடம் வாங்குகிறார் என்று கேட்டு அங்கே போகலாம். ஊர்ச் சந்தைகளில் ஓலைப்பெட்டி, கொட்டான் முடைந்து விற்கும் பெண்களும் நல்ல வழிகாட்டிகள். எந்தத் தோப்பில் யார் ஏறுகிறார்கள், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கும் ஊர்களில் அங்கே கேட்டாலும் உறுப்பினர்களின் ஊர்களைச் சொல்வார்கள்.

கைப்பேசியில் தேடிக் கிடைக்கும் "நேரடி விற்பனையாளர்" பலர் உண்மையில் மொத்த வியாபாரிகளே. வியாபாரம் செய்வது குற்றமில்லை. தம்மைப் பனையேறி என்று சொல்லிக்கொள்வதுதான் தவறு. காலை எட்டு மணிக்கு அடுப்படியிலிருந்து ஒரு காணொளி அனுப்பச் சொன்னால் யார் யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நான்காம் படி: காய்ச்சும் இடத்துக்குப் போதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் தேடல் பாதியில் நின்றதாகவே பொருள். பருவ காலத்தில் பல குடும்பங்கள் தோப்பிலேயே ஓலைக்குடிசை போட்டுத் தங்குகின்றன. அதிகாலையில் ஏறி இறக்கிய பதநீர் எட்டு மணி வாக்கில் அடுப்பேறும். பத்து மணிக்கு மேல் பாகு முதிரும். அந்த இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். பனையேறி மரத்தில் இருக்கும்போது நேர்கீழே நிற்கக் கூடாது, கீழிருந்து குரல் கொடுத்துப் பேச்சுக்கு இழுக்கவும் கூடாது. கூரான பாளையருவாளோடு அறுபது எழுபது அடி உயரத்தில் இருப்பவரின் கவனம் சிதறுவது ஆபத்து. புகைப்படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது நாகரிகம்.

ஏறுவது ஆண் என்றால் காய்ச்சுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். சாயல்குடிப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மண்ணால் கட்டிய நீள அடுப்பில் இரும்புத் தாச்சி, அதாவது அகன்ற வாணலி. ஒரு பக்கத்து வாயில் மட்டை எரிகிறது. பாகு கெட்டியாகி, கொதியின் ஓசை சளசளப்பிலிருந்து கனத்த 'களக் களக்' ஒலியாக மாறியதும் அந்த அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். நான் ஏதோ கேட்டதற்கு, "இப்பக் கிண்டுறத நிப்பாட்டுனா அடிப்பிடிச்சிரும் தம்பி, செத்த அப்பிடி உக்காருங்க" என்றார். கொட்டாங்குச்சியில் இருந்த தண்ணீரில் துடுப்பு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது; எடுத்து உருட்டி, தாச்சியின் விளிம்பில் தட்டினார். சின்னதாகக் 'கிணுங்' என்று கேட்டது. உடனே மட்டைகளை வெளியே இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, தாச்சியை இறக்கி, அதன் ஓரத்தில் துடுப்பால் பாகைத் தேய்த்துத் தேய்த்துக் கிளறினார். பளபளவென்று இருந்த பாகு மெல்ல மங்கி, மணல் கலந்தாற்போல் திரளத் தொடங்கியது. முன்பே தண்ணீரில் ஊறவைத்து மணலில் வரிசையாக நிறுத்தியிருந்த சிரட்டைகளில் அதை அகப்பையால் ஊற்றினார். அரை மணி நேரத்தில் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டியபோது கருப்பட்டி வட்டு கழன்று கையில் விழுந்தது.

இதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு கேட்பதற்கு அதிகம் இருக்காது. ஆனாலும் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. மரங்கள் சொந்தமா, குத்தகையா, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு ஏறுகிறார்களா, எத்தனை மரம், சுண்ணாம்பு எங்கே வாங்குகிறார்கள், இன்றைய கருப்பட்டி யாருக்குப் போகிறது. கடைசிக் கேள்விதான் முக்கியமானது; ஏன் என்பது முன்பணத்தைப் பற்றிப் பேசும் ஏழாம் படியில் விளங்கும். பாகு முதிரும் கட்டத்தில் தாச்சிக்கு அருகில் சீனி மூட்டையோ வெல்ல அச்சோ இருக்கிறதா என்பதைத் துப்பறிவாளரைப்போல் ஆராய வேண்டாம், இருந்தால் தானாகவே கண்ணில் படும்.

சில குடும்பங்கள் சீனி சேர்ப்பதை மறைப்பதில்லை. "வியாபாரி குடுக்குற வெலைக்குச் சீனி போடாமக் கட்டாதுங்க" என்று வெளிப்படையாகச் சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடமே, சீனி சேர்க்காமல் எனக்குத் தனியாகக் காய்ச்சித் தந்தால் என்ன விலை என்று கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்விதான் நல்ல கருப்பட்டியைப் பிறப்பிக்கிறது.

ஐந்தாம் படி: சோதனைகளை அவற்றின் எல்லைக்குள் நம்புதல்

தண்ணீரில் கரைத்துப் பார், உடைத்துப் பார், முகர்ந்து பார் என்று பல சோதனைகள் உலவுகின்றன. இவற்றால் சிலவற்றை அறியலாம். கரைத்து ஆறவிட்டால் மணலும் தூசியும் மிகுந்த சுண்ணாம்பும் அடியில் தங்கும். உடைத்த இடத்தில் வெள்ளைச் சர்க்கரைப் படிகங்கள் மினுங்கினாலும், வட்டு கல்லைப்போல் இறுகிக் கண்ணாடிபோல் பளபளத்தாலும் ஐயப்பட இடமுண்டு. நல்ல கருப்பட்டியின் மேற்பரப்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து லேசாகக் கசியும்.

ஆனால் அடிப்படையான ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. பதநீரில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸ் என்னும் ஒரே சர்க்கரைதான். ஆகவே திறமையாகச் சேர்க்கப்பட்ட சீனியைத் தண்ணீர் டம்ளரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் முடியும். கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கையில் காற்றின் கரியமிலவாயுவை வெவ்வேறு வழியில் பிடிப்பதால், அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 என்னும் ஐசோடோப்பின் விகிதம் வேறுபடும்; தேனில் சர்க்கரைக் கலப்பைக் கண்டறியப் பயன்படும் அதே முறை இது. ஒரு கிலோ கருப்பட்டிக்காக இதை யாரும் செய்யப்போவதில்லை. எனவேதான் காய்ச்சுபவரை அறிந்திருப்பதற்கு ஈடாக எந்த வீட்டுச் சோதனையையும் நான் பரிந்துரைப்பதில்லை.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருப்பட்டி நீரிழிவு நோயாளிகளுக்குத் தீங்கு செய்யாது என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அது மணமும் தாதுக்களும் கொண்ட நல்ல இனிப்பு, ஆனால் சர்க்கரைதான்.

ஆறாம் படி: நாக்கைப் பழக்குதல்

ஒரே நாளில் இரண்டு வீட்டுக் கருப்பட்டியை அருகருகே வைத்து உண்டு பார்த்தால் ஒரு மாதம் தனித்தனியாக உண்டு அறிய முடியாததை அறிந்துகொள்ளலாம். விரல்நுனியளவு துண்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் கரையவிடுங்கள். முதலில் இனிப்பு வரும். அதன் பின்னால் விறகுப் புகையின் மணம் வரும். கடல் மணலில் நிற்கும் மரமென்றால் கடைசியில் லேசான உவர்ப்பு தங்குவதாக இந்தக் கரையில் சொல்வார்கள், நானும் அதை உணர்ந்திருக்கிறேன். தொண்டையில் கசப்பு நின்றால் பாகு அடிப்பிடித்திருக்கிறது. நாக்கு அரித்தால் சுண்ணாம்பு கூடியிருக்கிறது. புளிப்பு தெரிந்தால் பதநீர் அடுப்பேறுவதற்குள் புளிக்கத் தொடங்கிவிட்டது. வெறும் இனிப்பு மட்டுமே வந்து, உடனே மறைந்து, பின்சுவை எதுவும் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டியதில்லை. பங்குனியில் வாங்கியதையும் ஆனியில் வாங்கியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. ஒரே குடும்பம், ஒரே தோப்பு என்றாலும் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. அப்படி வேறுபடுவது குறையல்ல. ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே சுவை என்று வரும் சரக்கைப் பார்த்தால்தான் எனக்கு ஐயம் பிறக்கும்.

ஏழாம் படி: விலையும் முன்பணமும்

நாற்பது மரம் ஏறும் ஒருவருக்கு மரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையுமாக அவர் எண்பது முறை ஏறி இறங்குகிறார். கிடைப்பது எண்பது லிட்டர். வற்றினால் எட்டு முதல் பத்து கிலோ. அதாவது ஒரு கிலோவுக்கு எட்டு முதல் பத்து முறை மரமேற்றம், அதற்கு மேல் ஒரு பெண்ணின் அரைநாள் அடுப்படி உழைப்பில் ஒரு பங்கு, விறகு, சுண்ணாம்பு, மரத்துக்காரருக்குச் செல்லும் குத்தகை. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், சீனி விலையைவிடச் சற்றே கூடுதலான விலையில் தூய கருப்பட்டி கிடைக்க வழியே இல்லை என்பது விளங்கும். மலிவாகக் கிடைத்தால் கலப்படம் நடந்திருக்கிறது, அல்லது யாரோ ஒருவருக்குக் கூலி கிடைக்கவில்லை.

கூலி கிடைக்காமல் போவதற்கு முதன்மையான காரணம் முன்பணம். பருவம் தொடங்குவதற்கு முன், கையில் காசில்லாத மார்கழி, தையில், குத்தகைக்கும் வீட்டுச் செலவுக்கும் வியாபாரியிடம் குடும்பங்கள் பணம் வாங்குகின்றன; பிறகு காய்ச்சிய கருப்பட்டி அனைத்தையும் அவர் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டில் சீனி கலக்கும் நெருக்கடி பிறப்பதைப் பார்த்து எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. வாங்குபவர்கள் நினைத்தால் இதை ஓரளவு மாற்றலாம். நான்கைந்து வீட்டார் சேர்ந்து, ஆண்டுக்குத் தேவையான கருப்பட்டியைக் கணக்கிட்டு, பாதித் தொகையைத் தையிலேயே ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியைச் சரக்கு எடுக்கும்போது கொடுக்கலாம். கிலோ விலை, எவ்வளவு எடை, எந்த மாதங்களில் தருவது, கோடைமழை பெய்து சுரப்பு குறைந்தால் என்ன செய்வது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். சுரப்பு குறைந்த ஆண்டில் குறைவாகப் பெற்றுக்கொள்ள மனம் ஒப்பாதவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம். அந்த நட்டத்தைப் பனையேறி மேல் ஏற்றினால் நாமும் இன்னொரு வியாபாரிதான்.

எட்டாம் படி: பதநீரும் பனங்கற்கண்டும்

பதநீரை இறக்கிய இடத்திலேயே பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதே சிறந்தது. நுங்கு கிடைக்கும் காலமென்றால் அதில் நுங்கையும் போட்டுத் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தூக்குவாளியில், மூடியை இறுக்காமல், பனிக்கட்டி சூழ வைத்துக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடினால், புளிக்கத் தொடங்கியதும் வாயு சேர்ந்து மூடி தெறித்துவிடும். மதியத்துக்கு மேல் விற்கும் பதநீரில் தண்ணீரும் செயற்கை இனிப்பும் சேர வாய்ப்பு அதிகம் என்பதால் காலையிலேயே வாங்குவது நலம்.

பனங்கற்கண்டு இன்னும் பொறுமை கேட்கும் பொருள். கருப்பட்டிப் பதத்துக்கு முன்பே இறக்கிய பாகைக் கலங்களில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, வாரக் கணக்கில் அசையாமல் வைத்தால்தான் படிகம் கட்டும். ஊற்றிய பாகு முழுவதும் கற்கண்டாவதும் இல்லை. இத்தனை காலம் பணத்தை முடக்கக் கூடிய பனையேறிக் குடும்பங்கள் குறைவு. ஆகவே கடைகளில் மலிவாகக் கொட்டிக் கிடக்கும் பழுப்பு நிறக் கற்கண்டை வாங்குவதைவிட, அந்தப் பணத்துக்கு நல்ல கருப்பட்டியே வாங்கலாம்.

ஒன்பதாம் படி: வைத்துக்கொள்ளுதல்

கருப்பட்டிக்கு எதிரி ஈரம். வாங்கி வந்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்து, பிறகு ஓலைக் கொட்டானிலோ மண்பானையிலோ இட்டு, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். கடலோர வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது இதற்காகவே. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் வியர்த்துக் கசியும். கசிந்துவிட்டாலும் கவலை வேண்டாம். சிறிது தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டிப் பாகாக வைத்துக்கொண்டால் சுக்குக் காப்பிக்கும் பணியாரத்துக்கும் உதவும். எந்த வீட்டுக் கருப்பட்டி, எந்த மாதம் காய்ச்சியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொட்டானுக்குள் போட்டுவிடுங்கள். ஆனி பிறந்ததும் அந்தக் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்து, இன்னும் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று கேட்டு, மழைக்காலத்துக்கும் பொங்கலுக்கும் வேண்டியதை ஆடி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அடுத்த மாசி வரை அவர்களிடமே இருக்காது.